மஞ்சள் மேலே, நீலம் கீழே

போன மாதம் திவ்யா எனக்கு வாட்சப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஆவண நிலையத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். "ஆன்டி, புது ஸ்கேனர் வந்துருச்சு. படிவத்த எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறோம். பழைய படிவத்துல ஏழாவது கட்டம் ஒன்னு இருக்குல்ல, 'மேலே எது, கீழே எது'ன்னு? யாரும் அதுல ஒன்னும் எழுதுறதே இல்ல. எடுத்துரலாமா?"

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த புளிக்குழம்பு அடி பிடித்துவிட்டது. 'எடுக்காதே' என்று பதில் போட்டேன். 'ஏன் ஆன்டி?' என்று உடனே கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் கட்டைவிரலால் தட்டி முடிக்கிற கதையா அது? அதனால் செராஸில் என் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பேத்தியின் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படித்த பிறகும் அந்தக் கட்டம் வேண்டாம் என்றால் அப்புறம் அவர்கள் பாடு.

எங்கள் நிலையம் பூமாலைக் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. இரண்டே அறை. கீழே மல்லிகை வாசம், மேலே பழைய காகித வாசம். வேலைநிறுத்த நோட்டீசு, சங்கத்துச் செய்தித்தாள், குடியுரிமை கேட்டு மக்கள் கொடுத்த மனுவின் நகல், வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவைக்கத் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகை வேண்டும் என்று பெண்கள் அச்சடித்த கோரிக்கை, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டு ஒட்டிய சுவரொட்டி, இவைதான் எங்கள் சொத்து. ஒரு நாள் கூட்டத்துக்காக அடித்து, கூட்டம் முடிந்ததும் வடை மடிக்கப் போய்விடும் காகிதங்கள். நம் ஜனங்கள் கேட்டு வாங்கியது எல்லாம் அந்த மாதிரிக் காகிதத்தில்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் படித்து அந்த வேலைக்குப் போனவள் இல்லை. கிள்ளானில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். தைப்பேன், ஒட்டுவேன், வெட்டுவேன். முதலாளி கடையை மூடியதும், காகிதம் தொடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தேன். மூன்று மாதத்தில் பழைய பழக்கத்தை எல்லாம் மறக்க வைத்துப் புதிதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தப் பசை, எந்தத் தூரிகை, எந்தக் காகிதம் எந்தத் தண்ணீரைத் தாங்கும் என்பதெல்லாம் அப்போது கற்றதுதான்.

சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பொறுப்பாளர் மிஸ் ஃபூ. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பழைய காரில் வருவார். என்னைவிட எட்டு வயது இளையவர், கண்ணாடி போட்ட ஒல்லியான சீனப் பெண். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. முதல் நாள் நான் மனசுக்குள் சிரித்தேன். எங்கள் நோட்டீசைக் காப்பாற்ற எங்கள் எழுத்தே தெரியாத ஒருத்தியா என்று. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம், அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னை அவர் மலாய் வழக்கப்படி 'காக் புஷ்பா' என்பார். காக் என்றால் அக்கா. நான் வேகமாகக் கை வைக்கும்போதெல்லாம் 'பெலான் பெலான், காக்' என்பார். மெதுவா, மெதுவா. ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த பெலான் பெலானைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு காகிதம் வந்தால் அவர் செய்கிற முறை இதுதான். மேசையில் வெள்ளை ஒற்றுத்தாள் விரிப்பார். கையைக் கழுவித் துடைப்பார். காகிதத்தை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் தொடவே மாட்டார், பார்ப்பார். பிறகு திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் படிவம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். எங்கே கிழிசல், எங்கே கறை, ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர். வீட்டில் எங்கே வைத்திருந்தார்கள் என்றுகூட ஒரு கேள்வி உண்டு. அரிசி டின்னுக்கு அடியிலா, சாமி படத்துக்குப் பின்னாலா, தலையணைக்குள்ளா.

கையெழுத்து ஏதாவது இருந்தால் வேலை இரட்டிப்பு. "எனக்குப் படிக்க வராது காக், நீங்க வரைஞ்சு காட்டுங்க" என்பார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளை மேலே போட்டு, மெல்லிய பேனாவால் ஒவ்வொரு சுழியாக நான் நகல் எடுக்க வேண்டும். காகிதத்தின் நான்கு மூலைகளையும் அதில் குறிக்க வேண்டும். கடைசியில், இரண்டு மை ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தாலும், கறையும் எழுத்தும் சேர்ந்திருந்தாலும், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கேட்பார்: "மேலே எது, கீழே எது?" எனக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தது. படித்தால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் படித்துவிடுவேன், படித்ததும் பார்ப்பதை விட்டுவிடுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் பார்த்தார்.

கொடுக்க வருகிறவர்களிடம் அவர் நடந்துகொள்வதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை கிள்ளானிலிருந்து ஒரு பழைய சங்கத்துப் பெரியவர் தம்மிடம் இருந்த நோட்டீசு அத்தனையையும் லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். நம் ஆட்களுக்கு எதையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் முதலில் தோன்றுவது லேமினேட்தானே. பிறந்த சூரா என்கிற பிறப்புச் சான்றிதழ் முதல் பிள்ளையின் பரீட்சை சர்டிபிகேட் வரை. சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு காகிதத்தைப் பிரிக்கவே முடியாது. மிஸ் ஃபூவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தெரிமா காசி, அங்கிள்" என்று நன்றி சொன்னார். பெரியவர் படியிறங்கிப் போனதும் முதல் நோட்டீசை எடுத்து ஒற்றுத்தாளில் வைத்தார். அப்புறம் என்னிடம், "பாசத்துல செஞ்சிருக்கார் காக். அதையும் படிவத்துல எழுதுங்க" என்றார்.

நான் அங்கே சேர்ந்து நான்காவது வருடம் கலா வந்தாள். பந்திங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, அந்தச் சட்டையோடேயே வந்திருந்தாள். கையில் பிஸ்கட் டின். அதற்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் துணி, துணிக்குள் நான்காக மடித்த ஒரு நோட்டீசு.

"அக்கா, இது எங்க தோட்டத்து நோட்டீசு. கேரி தீவு. இத்தன நாளும் சாமி படத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. லோயர் சொல்றாரு, மீட்டிங்ல ஒரிஜினல காட்டணுமாம். மடிப்புல விட்டுப்போச்சு. ஒட்டிக் குடுப்பீங்களா?"

விஷயம் இதுதான். கலா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் தோட்டத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. முடிவில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடிக்கிற காலம் வந்தால் இன்னின்ன குடும்பத்துக்குச் சொந்த வீடு தருவோம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. தொழிலாளர் குழு அந்தப் பேர்களை அச்சடித்து நோட்டீசாக வீடு வீடாகக் கொடுத்தது. இருபத்திரண்டு பேர். எல்லாம் ஆம்பளைப் பேர். கலாவின் அம்மா முனியம்மாவின் பேர் அதில் இல்லை, ஏனென்றால் அவர் புருசன் பெருமாள் அந்த வேலைநிறுத்தத்துக்கு முந்திய மாதம்தான் செத்துப்போயிருந்தார். குடும்பத் தலைவன் இல்லாத குடும்பம் பட்டியலில் விட்டுப்போயிற்று.

நல்ல சேதி வந்த காகிதம் என்று நோட்டீசு ஒன்றை வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்க. மஞ்சள் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தது முனியம்மாவின் பக்கத்து வீட்டு வீரம்மா. அவர் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாராம். "முனியம்மா பேரு இல்லாத காயிதத்துக்கு மஞ்ச கெடையாது." மற்றப் பெண்களும் சேர்ந்து நின்றுவிட்டார்கள். பூசாரி காத்திருக்கிறார், ஆண்கள் முணுமுணுக்கிறார்கள். கடைசியில் குழுச் செயலாளர் சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து, பட்டியலுக்குக் கீழே நீல மையில் எழுதினார்: 'முனியம்மா, காலஞ்சென்ற பெருமாள் மனைவி.' அதற்குப் பிறகுதான் மஞ்சள் வைத்தார்கள். அந்தக் காகிதத்தை முனியம்மாவிடமே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது லயம் இடிபடப் போகிறது. நிர்வாகம் கைமாறி, புதிதாக வந்தவர்கள் பட்டியலைக் காட்டுங்கள் என்கிறார்கள். மற்றவர்களின் நோட்டீசு கறையானுக்கும் வெள்ளத்துக்கும் போய்விட்டது. மிஞ்சியது இது ஒன்று. இதைக் கடையில் போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மெஷினுக்கு வெளிறின நீலம் பிடிக்காது. நகலில் இருபத்திரண்டு பேர்தான் விழுந்தது. இருபத்திரண்டு குடும்பத்துக்கும் வீடு என்று முடிவாகிவிட்டது, முனியம்மாவுக்கு மட்டும் இல்லை. செயலாளரும் அதற்குள் இறந்துவிட்டார்.

"இந்த ஒரு வரியக் காட்டத்தான் ஒரிஜினல் வேணும்க்கா. இன்னும் ரெண்டு வாரத்துல மீட்டிங். இது இல்லன்னா எங்கம்மா எங்க போவாங்க?" என்றாள் கலா.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே மிஸ் ஃபூ படிவத்தை நிரப்பினார். நான் நீல வரியைப் பிளாஸ்டிக் தாளில் நகல் எடுத்தேன். வலது கீழ் மூலையில் 'மனைவி' என்ற சொல்லின் கடைசிச் சுழி மஞ்சள் பொட்டுக்குள் போயிருந்தது. மிஸ் ஃபூ பூதக்கண்ணாடியைக் குனிந்து வைத்தார். "மேலே எது, கீழே எது?"

"மிஸ், அது மஞ்சள். சாமிக்கு வைக்கிறது. அதுல என்ன மேலே கீழே?"

"பெலான் பெலான், காக். பாருங்க."

பார்த்தேன். நீலச் சுழியின் மேல் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. 'மஞ்சள் மேலே, நீலம் கீழே' என்று சலித்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுதினார். நாங்கள் மூன்று பேரும் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தோம். மடிப்பை மட்டும் பின்பக்கம் மெல்லிய தாளால் ஒட்டினால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம், முக்கியமாகக் கழுவ வேண்டாம் என்று மிஸ் ஃபூ சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு கூட்டத்துக்காகப் பெட்டாலிங் ஜெயா போயிருந்தார். நான் தனியாக அந்த நோட்டீசை விரித்தேன். பழுப்பேறி, மேலே சாமி விளக்கின் எண்ணெய் வழிந்து, ஓரமெல்லாம் சாம்பிராணிப் புகை. எனக்கு அழுக்கைக் கண்டால் கை நிற்காது, அது என் பிறவிக் குணம். ஆனால் அன்று அது மட்டும் இல்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவள். குளிர்சாதன அறையில், கோட்டு போட்டவர்கள் முன்னால் இந்தக் காகிதத்தை விரிக்கும்போது, தோட்டத்து ஜனங்கள் எதையும் இப்படித்தான் அழுக்காக வைத்திருப்பார்கள் என்று ஒருத்தரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் மானம் என் கையில் இருப்பதாக ஒரு நினைப்பு.

பழைய காகிதத்தின் அமிலப் புளிப்பை எடுக்கச் சுத்தமான சுண்ணாம்பை நீரில் கரைத்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து அதில் ஊற வைப்பது உண்டு. அதைத் தயார் செய்தேன். சோதிக்காமல் இறங்கவில்லை. அச்சு மையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. தலைப்பில் செயலாளரின் கையெழுத்து இருந்தது, அதிலும் வைத்தேன், அசையவில்லை. அது பால்பாயின்ட் பேனா. கீழே உள்ள நீல வரி தண்ணீரில் கரையும் மைப்பேனா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதே ஆள் எழுதியதுதானே என்று விட்டுவிட்டேன்.

நோட்டீசைத் தட்டில் இறக்கினேன். பத்து விநாடி இருக்கும். நான்கு மூலையும் ரத்தம் மாதிரி சிவந்தது.

எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை வளைகாப்பில் நானே ஆரத்திக்கு ஆலம் கரைத்திருக்கிறேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது நம் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சுண்ணாம்புத் தண்ணீர் என்று வேலை மேசையில் அதற்கு வேறு பேர் வைத்துவிட்டதால் என் புத்தி அதை அடுப்படிச் சுண்ணாம்போடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. சிவப்பு மூலையிலிருந்து உள்ளே ஓடியது. நான் பதறிப்போய் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு, தட்டைச் சாய்த்து, தண்ணீரை மாற்றி, மறுபடி மாற்றி நின்றேன். என் கண் முழுக்கச் சிவப்பின் மேலேயே இருந்தது. நீலம் போனதை நான் பார்க்கவில்லை. காகிதத்தைத் தூக்கி ஒற்றுத்தாளில் வைத்த பிறகுதான் கீழே பார்த்தேன். இருபத்திரண்டு பேர் கறுகறுவென்று பளிச்சென்று இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

மிஸ் ஃபூ வரும்வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். வந்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே மஞ்சளும் சுண்ணாம்பும் என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியாது காக்" என்றார். "உங்களுக்குத் தெரியும்." அவ்வளவுதான் அவர் சொன்ன கடுஞ்சொல். இருபத்தாறு வருடத்தில் அதைவிட உறைத்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். சாதாரணத் தண்ணீரில் மெதுவாக மூன்று முறை அலசினோம். சிவப்பு இறங்கிப் பழுப்பாகி, காயக் காய மஞ்சளாகத் திரும்பியது. ஆனால் முன்பிருந்த பொட்டாக இல்லை, படர்ந்த கறையாக. நீலம் திரும்பவில்லை. அன்றே படிவத்தின் பின்பக்கத்தை என் முன்னால் வைத்து, என்ன நடந்தது என்பதை என் கையாலேயே எழுதச் சொன்னார். 'அனுமதியின்றிக் கழுவியதால் இருபத்து மூன்றாம் பெயர் அழிந்தது' என்று எழுதினேன். அதற்குக் கீழே அவர் 'மேற்பார்வையும் பொறுப்பும் என்னுடையது' என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கழுவச் சொல்லவில்லை, கழுவாதே என்றுதான் சொன்னார். அதை ஒரு வரியில் எழுதித் தப்பித்திருக்கலாம். எழுதவில்லை.

"நாளைக்குக் கேரி தீவுக்குப் போறோம்" என்றார். "நீங்கதான் சொல்லணும்."

அவர் காரிலேயே போனோம். பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. லயத்தில் முதல் வரிசை ஏற்கெனவே காலியாகிவிட்டது. கடைசி வீட்டில் கலாவும் முனியம்மாவும் இருந்தார்கள். நாங்கள் ஒட்டி முடித்த காகிதத்தோடு வந்திருக்கிறோம் என்று நினைத்து முனியம்மா மைலோ கலக்கப் போனார். "இருங்கம்மா, முதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்று நிறுத்தினேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

கலா காகிதத்தை வாங்கி, கீழ்ப்பகுதியை விரலால் தடவிப் பார்த்தாள். "இத்தன வருசம் சாமி படத்துக்குப் பின்னாடி கெடந்துச்சு, ஒன்னும் ஆகல. ஒங்ககிட்ட ரெண்டு நாள்தான்க்கா இருந்துச்சு" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். முனியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, நீ தமிழ்ப் பொண்ணுதானே? மஞ்சளும் சுண்ணாம்பும் ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது மிஸ் ஃபூ தம் பையிலிருந்து படிவத்தையும் பிளாஸ்டிக் தாளையும் எடுத்தார். பிளாஸ்டிக் தாளை நோட்டீசின் மேல் மூலைக்கு மூலை பொருத்தி வைத்தார். நான் வரைந்த கோடுகள் காலியிடத்தில் போய் உட்கார்ந்தன. 'முனியம்மா, காலஞ்சென்ற பெருமாள் மனைவி.' செயலாளரின் கை, அவருடைய சாய்வு, அவருடைய சுழி. "மன்னிக்கணும் அக்கா. எழுத்து போச்சு. அது இருந்ததுக்குச் சாட்சி இருக்கு. மீட்டிங்ல நாங்களும் வந்து சொல்றோம்" என்றார் மலாயில். கலா அழ ஆரம்பித்தாள். நானும்தான்.

அந்த மீட்டிங் ஒரு அரசாங்க அலுவலகத்தில் நடந்தது. நடுவில் ஒரு மலாய் அதிகாரி, நிறைய காகிதம் பார்த்துக் களைத்த முகம். நிர்வாகத்துப் பக்கம் இரண்டு பேர், எங்கள் பக்கம் லோயர், கலா, முனியம்மா, வீரம்மா, மிஸ் ஃபூ, நான். அதிகாரி பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இத வரைஞ்சது யாரு?"

"நான்."

"ஒரிஜினல அழிச்சது யாரு?"

"அதுவும் நான்தான்."

நிர்வாகத்து ஆள் ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "அழிச்சவங்க வரைஞ்சத நான் ஏன் நம்பணும்?" என்று கேட்டார்.

படிவத்தை அவர் பக்கம் தள்ளி, மலாயில் 'ஐயா' என்று கூப்பிட்டுச் சொன்னேன். "என்சிக், அழிக்கிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி வரைஞ்சது. மூனு பேரு தேதி போட்டுக் கையெழுத்து வச்சிருக்கோம். இவங்களுக்குத் தமிழ் படிக்கவே தெரியாது, அதனாலதான் வரையச் சொன்னாங்க. பின்பக்கம் பாருங்க, நான் செஞ்ச தப்பையும் நானே எழுதியிருக்கேன். பொய் சொல்றதா இருந்தா அத எழுதியிருப்பேனா?"

அவர் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். நிர்வாகத்து ஆள், கையால் எழுதின பேர் என்றாலே பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்த்திருக்கலாமே என்றார். லோயர் எங்களைப் பார்த்தார். மிஸ் ஃபூ மேசையில் சாய்ந்து, படிவத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். வலது கீழ் மூலை: மஞ்சள் மேலே, நீலம் கீழே.

மஞ்சள் என்ன என்று அதிகாரிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மலாய்க்காரர்கள் வீட்டு விசேஷத்திலும் மஞ்சள் சோறு உண்டு. "இந்த மஞ்சள எப்ப வச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். வீரம்மா எழுந்து நின்றார். எழுபதை நெருங்கிய மனுசி, தோட்டத்து மலாய்தான் பேசுவார், ஆனால் தெளிவாகப் பேசினார். அந்த வெள்ளிக்கிழமை, கோயில், கிண்ணம், முந்தானை, எல்லாம் சொன்னார். "நான்தான் வச்சேன். பேரு எழுதுன பெறகுதான் வச்சேன். அன்னிக்குப் பெறகு அந்தக் காயிதத்துக்கு யாரும் மஞ்ச வைக்கல, ஏன்னா நல்ல சேதி அப்புறம் ஒன்னும் வரல" என்றார். அதிகாரி பேனாவை எடுத்து, பட்டியலில் இருபத்து மூன்று என்று எழுதினார்.

வீடு கட்டி முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. புதுமனைப் புகுவிழாவுக்குக் கலா நிலையத்துக்கே வந்து அழைத்தாள். வெற்றிலைத் தட்டோடு அந்தப் பழைய பிஸ்கட் டின்னும் இருந்தது. நோட்டீசு இனிமேல் எங்களிடமே இருக்கட்டும் என்றாள்.

"என்ன நம்பியா குடுக்கிறே?" என்றேன்.

"ஒங்களத்தான்க்கா நம்பிக் குடுக்கிறேன். இந்த ஜென்மத்துல நீங்க இனிமே எதையும் கழுவ மாட்டீங்க."

மிஸ் ஃபூ அவள் கையாலேயே படிவத்தில் கையெழுத்து வாங்கினார். அன்று சாயங்காலம் புதுப் படிவம் அடிக்கக் கொடுத்தோம். அதில் ஏழாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனை படிவம் நிரப்பினேன் என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடுதான் போடுவேன். திவ்யா சொல்வது உண்மைதான், பெரும்பாலும் அதில் எழுத ஒன்றும் இருக்காது. கோடு போடுவதற்காகவாவது ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அது.

மிஸ் ஃபூ இப்போது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். தீபாவளிக்குத் தவறாமல் வந்து முறுக்கு டப்பா வாங்கிக்கொண்டு போவார். அன்றைக்கு என்னை வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேரி தீவுக்குப் போய் வந்த மறுநாளே இன்னொரு கிழிந்த காகிதத்தை என் முன்னால் வைத்து, "பெலான் பெலான், காக்" என்றார். நான் இன்று சோறு தின்பது அந்த இரண்டு வார்த்தையால்.

புதுமனைப் புகுவிழாவுக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். இருபத்து மூன்று வீடும் இரண்டு வரிசையாக, ஒரே மாதிரி பெயின்ட். வாசலில் மாவிலைத் தோரணம். கலா ஒரு தாம்பாளத்தையும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ஆலம் நீங்கதான் கரைக்கணும்க்கா. செவப்பாக்குறதுல ஒங்கள விட்டா ஆள் கெடையாது." பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே கரைத்தேன். தண்ணீர் சிவந்ததும் மிஸ் ஃபூ குனிந்து பார்த்தார். "இதுதானா அது?" என்றார். "இதுதான் மிஸ்" என்றேன்.

ஆலம் சுற்ற எல்லாரும் முனியம்மாவை வாசல் நடுவில் நிற்கச் சொன்னார்கள். அவர் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். "எனக்கு வேணாம்மா. புருசன் இல்லாதவ நான், எனக்கு எதுக்கு ஆலம்? கலாவுக்குச் சுத்துங்க" என்றார். நான் தட்டை ஏந்திக்கொண்டு காத்திருந்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரம்மா வந்தார். முனியம்மாவின் கையைப் பிடித்து இழுத்து நிலைப்படிக்கு நேரே நிறுத்தினார்.

"அன்னிக்கே ஒன் பேரு இல்லாம மஞ்ச வைக்க மாட்டோம்னு நின்னோம். இன்னிக்கு விட்டுருவோமா? சும்மா நில்லுடி" என்றார்.

முனியம்மா நின்றார். நான் மூன்று முறை சுற்றினேன். பிறகு அந்தச் சிவப்பை விரலால் தொட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக, அவர் நெற்றியில் வைத்தேன்.